‘தெரியவில்லை’ என்று குறிக்க இடமில்லை: மட்டக்களப்பில் ஒரு டேட்டா லேபலிங் குழு எடுத்த முடிவு

பின்னணி

இந்தக் குழு மட்டக்களப்பு நகரை அடுத்து, கல்லடிப் பக்கம் ஒரு வீட்டின் மேல்மாடியில் இயங்கியது. ஒன்பது பேர். பெரும்பாலும் உயர்தரம் முடித்த பெண்கள். படுவான்கரையிலிருந்து பஸ்ஸில் வருவோரும் இருந்தார்கள், ஆரையம்பதி, காத்தான்குடியிலிருந்து வருவோரும் இருந்தார்கள். குழுவை நடத்தியவர் கொழும்பில் கணினி நிறுவனமொன்றில் வேலை செய்துவிட்டு, பிள்ளை பிறந்தபின் ஊரோடு வந்து சேர்ந்தவர். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் கணினிப் பயிற்றுநர். அவர்களில் சிலருக்குப் பாடம் எடுத்திருந்ததால், சிக்கல் வந்தபோது என்னையும் அழைத்தார்கள். அதன் பிறகு நடந்த பேச்சுகளில் இருந்தேன். அதற்கு முந்தியவற்றை அவர்களிடம் கேட்டு எழுதுகிறேன். ஆட்களையோ படங்கள் எடுக்கப்பட்ட இடத்தையோ அடையாளம் காட்டக்கூடிய எதையும் இதில் சேர்க்கவில்லை.

கணினிக்குப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் அவர்களுடைய வேலை. ஒரு படத்தில் கார் இருந்தால் அதைச் சுற்றி ஒரு பெட்டி போட்டு ‘கார்’ என்று பெயர் கொடுக்க வேண்டும். இப்படி மனிதர்கள் குறித்துக் கொடுத்த ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துத்தான் செயற்கை நுண்ணறிவு அடுத்த படத்தில் காரைத் தானாகக் கண்டுபிடிக்கிறது. கடை அலுமாரிகள், வீதிச் சமிக்ஞைகள், தக்காளி என்று பலவற்றுக்கும் பெட்டி போட்டிருக்கிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின், வீட்டை விட்டுத் தூரம் போகாமல் டொலர் கணக்கில் கிடைக்கிற சம்பளம் இந்தக் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரியது என்பதை இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பின்னால் நடந்த எல்லாவற்றையும் அதை மனதில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

வந்த வேலை

2024 இல் ஓர் இடைத்தரகர் வழியாகப் புதிய வேலையொன்று வந்தது. வானிலிருந்து எடுக்கப்பட்ட காணொளிகளின் துண்டுப் படங்கள். சில சாதாரண நிறப் படங்கள், சில வெப்பத்தைப் பதியும் கறுப்பு வெள்ளைப் படங்கள். ‘தேடலும் மீட்பும்’ என்று விளக்கக் குறிப்பில் எழுதியிருந்தது. குழு சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் நாவலடியையும் கல்லடியையும் என்ன செய்தது என்பதைக் கண்ட ஊர் இது. 2011 ஜனவரி வெள்ளத்தில் படுவான்கரைக் கிராமங்கள் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. கூரையில் ஏறி நிற்பவரை ட்ரோன் கண்டுபிடிக்கப் போகிறது என்றால் அதற்குப் பெட்டி போட யார் மறுப்பார்கள்?

முதல் தொகுதியில் ஆள், வாகனம், கட்டடம் என்று மூன்றே வகைகள். எந்தப் பிரச்சினையும் வரவில்லை.

கவனித்தவை

இரண்டாம் தொகுதியிலிருந்து ஒவ்வோர் ஆளுக்கும் துணைக் கேள்விகள் வரத் தொடங்கின. நிற்கிறாரா, ஓடுகிறாரா, படுத்திருக்கிறாரா? தனியாகவா, கூட்டமாகவா? நீளமான பொருள் ஏதும் ஏந்தியிருக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’, ‘இல்லை’, ‘தெரியவில்லை’ என்று மூன்று விடைகள் இருந்தன.

முதலில் தயங்கியவர் வவுணதீவுப் பக்கத்துப் பெண். தகப்பன் வெள்ளாமை செய்கிறவர். வெப்பப் படமொன்றில் வயல் வரம்புபோன்ற ஒரு கோட்டில் ஓர் ஆள் நடந்து போகிறார், தோளில் கறுப்பாக ஒரு நீளக்கோடு. “அக்கா, எங்கட அப்பா விடியப்புறம் மண்வெட்டியோட தண்ணி பார்க்கப் போற மாதிரிக் கிடக்கு. இதை என்னெண்டு போடுறது?” என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்கும் தெரியவில்லை. ‘தெரியவில்லை’ என்றே போட்டார்கள். அப்படிப் போட்ட படங்கள் நிறையச் சேர்ந்தன.

அடுத்த தொகுதியில் அந்த மூன்றாவது விடையை எடுத்துவிட்டார்கள். ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ மட்டும்தான். சந்தேகமாக இருந்தால் ‘ஆம்’ என்று குறிக்கச் சொல்லி ஒரு வரியும் சேர்ந்திருந்தது. ஒரு படத்தைப் பார்ப்பதற்கான நேரமும் குறைக்கப்பட்டது.

புள்ளி முறையையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயத்தின் மையமே அதுதான். ஒரே படத்தை மூன்று பேர் குறிப்பார்கள். இருவர் ஒன்றைச் சொல்லி ஒருவர் வேறொன்றைச் சொன்னால் அந்த ஒருவருக்குப் புள்ளி குறையும், புள்ளி குறைந்தால் காசும் குறையும். தக்காளிக்கு இது பரவாயில்லை. ஆனால் இந்தப் படங்களில், கண்ணுக்குத் தெரிவதைக் குறிப்பதை விட்டுவிட்டு, மற்ற இருவர் எதைப் போடுவார்கள் என்று ஊகித்துப் போட எல்லோரும் பழகிவிட்டார்கள். மூன்று பேரும் தயங்கிக்கொண்டே ‘ஆம்’ போட்டால், அது இயந்திரத்துக்கு ஐயமே இல்லாத உண்மையாகப் போய்ச் சேருகிறது. அந்தத் தயக்கம் எங்கும் பதிவாவதில்லை. பின்னாளில் அந்த இயந்திரம் திரையில் ஒருவரைச் சுற்றிச் சிவப்புப் பெட்டி போட்டுப் பக்கத்தில் உறுதி விழுக்காட்டைக் காட்டும்போது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதிகாரிக்கு அந்த எண்ணின் அடியில் மூன்று பேருடைய ஊகம் கிடக்கிறது என்று தெரிய வழியே இல்லை.

அதற்கடுத்த தொகுதியில், ஒரே மோட்டார் சைக்கிளைப் படத்துக்குப் படம் பின்தொடர்ந்து, அது எந்தக் கட்டடத்தின் முன் நிற்கிறது, யார் உள்ளே போகிறார், யார் வெளியே வருகிறார் என்று குறிக்கச் சொன்னார்கள். வெள்ளத்தில் சிக்கியவரைக் காப்பாற்ற இது எதற்கு என்று அப்போதுதான் அக்கா என்னை அழைத்துக் கேட்டார்.

நான் எடுத்துச் சென்ற தகவல்கள்

இந்தப் படங்கள் யாருக்குப் போகின்றன என்பது எனக்கும் தெரியாது. இதேபோன்ற வேலை வேறிடங்களில் எதற்குப் பயன்பட்டது என்பதை மட்டும் அவர்கள் முன் வைத்தேன்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2017 ஏப்ரலில் ‘புரொஜெக்ட் மேவன்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ட்ரோன்கள் எடுத்துக் குவிக்கும் காணொளிகளை மனிதர் பார்த்து முடிக்க இயலாததால், அவற்றில் ஆட்களையும் வாகனங்களையும் இயந்திரமே கண்டுபிடிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். கூகிள் அதில் பங்கெடுத்தது தெரியவந்தபோது, 2018 இல் அதன் ஊழியர்கள் 3,000 க்கும் மேற்பட்டோர் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். நிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பெரிதாகப் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு: அந்தத் திட்டத்துக்கான படங்களைக் குறிக்க, இணையம் வழியாகத் துண்டு வேலை செய்பவர்கள் பயன்படுத்தப்பட்டார்கள் என்றும், எதற்காகக் குறிக்கிறோம் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை என்றும் 2019 இல் ‘தி இன்டர்செப்ட்’ என்ற இணைய இதழ் செய்தி வெளியிட்டது. கையெழுத்திட்ட பொறியியலாளர்களை உலகம் அறிந்தது. பெட்டி போட்டவர்களை யாரும் தேடிப் போகவில்லை.

குழுவை அதிகம் பாதித்தது 2010 பெப்ரவரி 21 அன்று ஆப்கானிஸ்தானின் உருஸ்கான் மாகாணத்தில் நடந்தது. மூன்று வாகனங்களில் போய்க்கொண்டிருந்த பொதுமக்களை ஓர் ஆளில்லா விமானம் தொடர்ந்து கண்காணித்தது. விமானத்தை இயக்கியவர்கள் நெவாடாவில் இருந்தார்கள். காணொளியைப் பார்த்து என்ன தெரிகிறது என்று சொல்லும் ஆய்வாளர்கள் புளோரிடாவில். கூட்டத்தில் சிறுவர்கள் இருப்பதாக ஆய்வாளர்கள் சொன்னார்கள். இயக்கியவர்களுக்கு அதை ஏற்க மனமில்லை. சிறுவர் என்பது பேச்சின் போக்கில் பதின்ம வயதினர் ஆனது, பிறகு ஆயுதம் தூக்கும் வயதினர் ஆனது. கடைசியில் ஹெலிகொப்டர்கள் தாக்கின. 23 பேர் இறந்ததாக ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். அங்கே சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆளாவது இருந்தார், அவர் சொன்னது பதிவிலும் இருந்தது. அதனால்தான் பின்னர் விசாரணையில் அது வெளிவந்தது. பயிற்சிப் படத்தில் ‘ஆம்’ போட்டவரின் சந்தேகத்துக்கு அப்படி ஒரு பதிவு கிடையாது.

2021 ஓகஸ்ட் 29 அன்று காபூலில் நடந்த தாக்குதலையும் சொன்னேன். உதவி நிறுவன ஊழியர் ஒருவர் தன் காரில் ஏற்றிய தண்ணீர்க் கலன்கள் வெடிபொருளாகக் கணிக்கப்பட்டன. 10 பேர் இறந்தார்கள், அவர்களில் ஏழு பேர் குழந்தைகள். அது தவறு என்று அமெரிக்க இராணுவம் செப்டெம்பரில் ஒப்புக்கொண்டது. தண்ணீர்க் கலன் என்றதும் வவுணதீவுப் பெண் மண்வெட்டிப் படத்தைப் பற்றி மறுபடி பேசத் தொடங்கினார்.

இவை இரண்டிலும் முடிவெடுத்தது மனிதர்கள்தான். ஆகவே மனிதர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை.

வீட்டுக்குள் நடந்த வாதம்

குழுவில் இருந்த ஓர் இளைஞர் எதிர்வாதம் வைத்தார். அது கனமான வாதம். “நாங்கள் விட்டால் வேற ஆக்கள் செய்வினம். வயலே காணாத ஒருத்தன் மண்வெட்டியைத் துவக்கெண்டு போடுவான். நாங்கள் இருந்தால் சரியாப் போடலாம். இயந்திரம் சரியாப் படிச்சால் அப்பாவி சாக மாட்டான்தானே?” போர் எப்படியும் நடக்கப் போகிறது என்றால் அதைக் குறைந்த பிழையோடு நடத்துவது நல்லதல்லவா என்பதுதான் அவர் கேட்டது. உலகப் படைத்துறைகளில் இதை நேர்மையாக நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் யோசித்துப் பார்த்தவரை அவருடைய வாதம் ஒரே இடத்தில்தான் இடறுகிறது. வயலை அறிந்தவருடைய அறிவு அந்தப் படத்துக்குள் எந்த வழியாகப் போகும்? அது துவக்கா மண்வெட்டியா என்று படத்தைப் பார்த்து நிச்சயமாகச் சொல்ல இயலாது என்ற விடையாகத்தான் போகும். அந்த விடையை நீக்கிவிட்டார்கள். ‘இல்லை’ என்று போட்டால் மற்ற இருவரோடு முரண்பட்டுப் புள்ளி போகும். அந்த நிபந்தனையில் வவுணதீவுப் பெண்ணும் வயலே காணாதவரும் ஒரே ஆள்தான்.

கீழ் வீட்டில் இருந்த அக்காவின் மாமி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். 1990 இல் ஒரு சுற்றிவளைப்பில் தம்பியைப் பறிகொடுத்தவர். வரிசையாக ஆட்களை நடக்கவிட்டு, முகத்தை மூடிய தலையாட்டியின், அதாவது ஆட்களைக் காட்டிக்கொடுப்பவனின், முன் நிறுத்துவார்கள். அவன் தலை அசைந்தால் லொறியில் ஏற்றுவார்கள். அந்த ஆண்டு செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாக அகதிமுகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பி வராத மாவட்டம் இது. மாமி சொன்னார்: “தலையாட்டினவன் நான் ஆட்டினது மட்டும்தான் எண்டான். ஏத்தினவன் அவன் ஆட்டினான், நான் ஏத்தினன் எண்டான். கொண்டுபோனவன் எனக்கு ஒண்டும் தெரியா எண்டான். நாங்கள் ஆரிட்டக் கேக்கிற?”

காத்தான்குடிப் பெண்ணின் குடும்பத்திலும் அதே ஆண்டு ஓகஸ்ட் 3 பள்ளிவாசல் படுகொலையில் பலியானவர்கள் உண்டு. எந்தப் பக்கத்தால் வந்தது என்றாவது எங்களுக்குத் தெரியும், இந்தப் படத்தில் இருக்கிறவரின் பிள்ளைக்கு அதுகூடத் தெரியாமல் போகும் என்றார் அவர். அந்த வீட்டில் அதன் பிறகு யாரும் இதைக் கணினி வேலையாகப் பேசவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உடனே வேலையை விட்டுவிடவில்லை. ஆதாரமில்லாத சந்தேகத்தை வைத்து ஒன்பது குடும்பங்களின் வருமானத்தை வெட்டுவது நியாயமில்லை என்று அக்கா நினைத்தார். இடைத்தரகருக்கு மூன்று கேள்விகள் எழுதினார்: இதைக் கடைசியில் பயன்படுத்தப் போவது யார்? ஆயுதத்தோடோ இலக்குத் தேர்வோடோ இதற்குத் தொடர்பு உண்டா? ‘தெரியவில்லை’ என்ற விடையை மறுபடி சேர்ப்பீர்களா? பதில் வரும்வரை அந்தத் தொகுதியை நிறுத்தி வைத்தார்கள்.

அதற்கிடையில் நகரில் ஒரு சட்டத்தரணியைச் சந்தித்தார்கள். கையெழுத்திட்ட இரகசியம் காக்கும் உடன்படிக்கைப்படி படங்களை யாருக்கும் காட்ட முடியாது, ஆனால் புதிய தொகுதியை மறுக்க முழு உரிமை உண்டு என்றார் அவர். இன்னொன்றையும் எடுத்துக் காட்டினார். ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977 ஆம் ஆண்டின் முதலாவது மேலதிக நெறிமுறையில் 50 ஆவது உறுப்புரை, போரில் ஒருவர் பொதுமகனா இல்லையா என்று சந்தேகம் இருந்தால் அவரைப் பொதுமகனாகவே கருத வேண்டும் என்கிறது. குழுவின் விளக்கக் குறிப்பு சந்தேகமாக இருந்தால் ‘ஆம்’ என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அதுவரை பேசாமல் இருந்த இருவர் வேலையைத் தொடர வேண்டாம் என்ற பக்கம் வந்தார்கள். படத்தில் உள்ளது துவக்கு என்றே வைத்தாலும் இது இலக்குத் தேர்வுக்குத்தான் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனால் சந்தேகத்தின் பலன் எந்தப் பக்கம் தள்ளப்படுகிறது என்பது தெளிவாக இருந்தது, முடிவெடுக்க அது போதும் என்பதே என் கருத்தும்.

இடைத்தரகரின் பதில் சுருக்கம்: வாடிக்கையாளர் ஓர் ஆராய்ச்சி நிறுவனம், மேலதிக விவரம் உங்களுக்குத் தேவையில்லை, விடைகளை மாற்ற முடியாது. துணைக் கேள்விகளை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் செய்து தருகிறோம் என்று அக்கா கேட்டுப் பார்த்தார். அதற்கும் சம்மதம் வரவில்லை. அப்புறம் குழு கூடி, செய்து முடித்த தொகுதிகளைக் கணக்கு முடித்துக் கொடுத்துவிட்டு விலகுவது என்று தீர்மானித்தது. எதிர்வாதம் வைத்த இளைஞர் ஒத்துக்கொள்ளவில்லை. அவரை யாரும் கட்டாயப்படுத்தவுமில்லை, ஏசவுமில்லை.

பின்னர் நடந்தது

கடைசிக் கொடுப்பனவில் ஒரு பகுதி வரவில்லை. தரம் போதாது என்று காரணம் சொன்னார்கள். சில மாதங்கள் கைக்காசு தட்டுப்பாடாக இருந்தது. இருவர் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள், ஒருவர் நகரில் ஒரு புடவைக் கடையில் சேர்ந்தார். இளைஞர் தனியாக வேறொரு தளத்தில் இதேமாதிரி வேலை தொடர்ந்து, பிறகு அதையும் விட்டார். ஏன் விட்டார் என்று நான் கேட்கவில்லை. மிஞ்சியவர்களுக்குத் தமிழ்க் குரல்பதிவுகளை எழுத்தாக்கும் வேலையும், நெற்பயிர் நோய்களை இலைப் படங்களில் குறிக்கும் வேலையும் கிடைத்தன. வருமானம் முன்னைய அளவுக்கு இன்னும் வரவில்லை.

அந்தப் படங்கள் எங்கே போயின என்பது இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. இதைச் சிலர் தோல்வியாகப் பார்க்கலாம். போருக்கும் மனிதருக்கும் நடுவே இப்போது உருவாகியிருக்கும் நிலைமையே இதுதான் என்று நான் நினைக்கிறேன். மனிதர் போரிலிருந்து அகற்றப்படவில்லை. மெல்லியதாகப் பரப்பப்பட்டு, ஒருவருக்கொருவர் தெரியாத தூரத்தில் வைக்கப்பட்டிருக்கிறார்.

மாற வேண்டியவை

தானாக இலக்கைத் தேர்ந்து தாக்கும் ஆயுதங்கள் பற்றி 2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் வந்த தீர்மானத்துக்கு 166 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. 2026 க்குள் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டும் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் கேட்டிருந்தார். மனிதரைக் குறிவைக்கும் இத்தகைய ஆயுதங்களைத் தடை செய்யும்படி செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு 2021 இலேயே சொல்லிவிட்டது. இந்தப் பேச்சு வீண் என்று நினைப்பவர்கள் கண்ணிவெடியை நினைத்துப் பார்க்கலாம். அதுவும் யார் மிதிக்கிறார் என்று பார்க்காமல் தானே வெடிக்கும் ஆயுதம்தான். அதைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. மட்டக்களப்பு கண்ணிவெடி அற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டுதான்.

ஆனால் மனிதக் கட்டுப்பாடு என்று பேசும்போது, எல்லோருடைய பார்வையும் கடைசியில் பொத்தானை அழுத்தும் ஆளிடம்தான் போகிறது. காஸாவில் இஸ்ரேல் இராணுவத்தின் ‘லாவண்டர்’ என்ற செயற்கை நுண்ணறிவு முறைமை சுமார் 37,000 பேரைச் சந்தேக நபர்களாகக் குறித்தது என்றும், ஒரு பெயரைச் சரிபார்க்கச் சில வேளைகளில் 20 விநாடிதான் செலவிடப்பட்டது என்றும் 2024 ஏப்ரலில் ‘+972’ என்ற இஸ்ரேலிய-பலஸ்தீன இணைய இதழ் எழுதியது. ஆட்களைப் பயங்கரவாதிகளாக அடையாளம் காணச் செயற்கை நுண்ணறிவைத் தாங்கள் பயன்படுத்துவதில்லை என்று இஸ்ரேல் இராணுவம் மறுத்தது. அந்த 20 விநாடியைப் பற்றி உலகம் பேசியது, பேசத்தான் வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் முன்னால், எங்கோ ஒரு மேல்மாடியில், ஒரு படத்தைப் பார்க்கச் சில விநாடிகள் மட்டும் கொடுக்கப்பட்ட ஒருவரும் அதே சங்கிலியில் இருக்கிறார். அவருக்கு நோக்கத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமையும், தெரியவில்லை என்று பதியும் உரிமையும் சட்டத்தில் எழுதப்பட வேண்டும். வேலை கொடுக்கும் நாடுகளிலும் எழுதப்பட வேண்டும், இங்கேயும் எழுதப்பட வேண்டும்.

குழு தன் அளவில் சிலவற்றை மாற்றிக்கொண்டது. முன்பு விலையையும் நாளையும் மட்டும் பேசி வேலை எடுத்தார்கள். இப்போது ஆட்களின் படம் உள்ள எந்த வேலைக்கும் மாதிரித் தொகுதியோடு நோக்கத்தையும் எழுத்தில் கேட்கிறார்கள். இடையில் கேள்விகள் மாறினால் முழுக் கூலியோடு விலகலாம் என்றும், ‘தெரியவில்லை’ என்ற விடைக்குப் புள்ளி வெட்டக்கூடாது என்றும் ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் சேர்க்கிறார்கள். சட்டத்தரணி அதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இதே வேலை செய்யும் தெரிந்தவர்களுக்கு அக்கா அதை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். நெல் இலைப் படங்களைத் தந்த வாடிக்கையாளர் அந்த வாசகத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார். அதன்பின் வந்த இன்னொருவர், கடைத்தெருக் கமராக்களில் ஆட்களின் நடையைக் குறிக்கும் வேலை, வாசகத்தை நீக்கச் சொன்னார். அந்த வேலையை அவர்கள் எடுக்கவில்லை.